உயிரோடு இருந்தவளுக்குத் தலை முழுகிய வீடு

சங்கரம்மாளை வேலைக்கு எடுத்த அன்றைக்கே டிரஸ்ட்காரர்கள் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் கோபப்படக் கூடாது, குரலை உயர்த்தவே கூடாது. அவளும் சரி சரியென்று தலையாட்டினாள். அன்று சாயங்காலமே, கைப்பிள்ளைக்காரியைப் படிக்கட்டில் நிற்கவைத்த ஒரு பஸ் கண்டக்டரை, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பிடி பிடித்தாள். டிரஸ்ட்காரர்கள் சொன்னது ஆலோசனை கேட்டு வருகிறவர்களைப் பற்றி. கண்டக்டர் என்ன ஆலோசனை கேட்டா வந்தான்?

புதூருக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி அவள். மழை பெய்தால் கம்பும் உளுந்தும், பெய்யாவிட்டால் ஆடு. அப்பா அய்யாத்துரை ஆடு மேய்த்தே மகளை எம்.எஸ்.டபிள்யூ. வரைக்கும் படிக்க வைத்தார். படிப்பு முடிந்த கையோடு கட்டிக் கொடுத்தார்கள். கட்டினவன் ஒருநாள் குடித்துவிட்டு வந்து கையை ஓங்கினான். ஓங்கின கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி, தள்ளிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தாள். “பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது” என்று ஊரே சொன்னது. ஆகாவிட்டால் போகட்டும் என்று கோவில்பட்டியில் ஒரு வீடு பிடித்து இந்த வேலையில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது. வருசம் இரண்டாயிரத்து நாலு.

வேலை, லாரி ஓட்டுநர்களுக்கு எய்ட்ஸ் பற்றி எடுத்துச் சொல்வது. பைபாஸ் ரோட்டில், ஒரு பஞ்சர் கடைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை. வாசலில் சிவப்பு ரிப்பன் வரைந்த போர்டு. அதில் பெரிய எழுத்தில் ‘இலவச கவுன்சிலிங்’ என்று இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்று சொல்லிப் பழகின ஊர், இதற்கு ‘எய்ட்ஸ் ஆபீஸ்’ என்று பேர் வைத்தது. சங்கரம்மாள் தெருவில் போனால் தண்ணீர்க் குடத்தை ஒரு கை தள்ளி வைத்துக்கொள்கிற பெண்களும் உண்டு. அவர்களுக்கும் ஒருநாள் நல்ல பூசை கிடைத்தது.

அடுத்த வருசம் ஆனி மாசத்தில் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரோட்டில் ஒரு காக்கை கூட இல்லாத வெயில். மீனாட்சியம்மாள் என்ற ஒரு அம்மா, சேலை முந்தானையால் மகளின் தலையை மூடி, இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மகள் முத்துச்செல்விக்குப் பதினைந்து வயது; பத்தாம் வகுப்பு. அந்த வெயிலில் அந்தப் பெண் ஊதா நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

நடந்தது இது. ஒரு மாசமாக அவள் ஸ்வெட்டரோடுதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். காய்ச்சலா என்று கேட்ட டீச்சர் அவளைத் தலைமையாசிரியையிடம் கூட்டிக்கொண்டு போனார். தலைமையாசிரியை ஸ்வெட்டரை உருவச் சொல்லிப் பார்த்தால், இரண்டு முன்னங்கையிலும் கோடு கோடாகத் தழும்பு. ஆறினதும் இருந்தது, ஆறாததும் இருந்தது. அவளே தனக்குச் செய்துகொண்டது. பார்த்த அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? மருந்து போட்டாரா? உட்காரம்மா, தண்ணீர் குடி என்றாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பையன் பேரை எழுதியிருக்கிறாள் என்று தேடினார்! ஒன்றும் தட்டுப்படாமல் இன்னும் இரண்டு டீச்சர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று சாயங்காலம் அப்பா சௌந்தரபாண்டியனும் அதையே செய்தார். ட்யூப்லைட்டுக்குக் கீழே மகள் கையை முறுக்கிப் பிடித்து, “எவன் பேருட்டி இது? எவன் பேரு?” என்று ஒரு மணி நேரம் கேட்டார். ஒருத்தன் பேரும் அங்கே இல்லை. வெறும் கோடு. ஒரு பிள்ளைக்கு வலிக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு பையனாகத்தான் இருக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

கவுன்சிலிங் போய்ச் சீட்டு வாங்கி வந்தால்தான் வகுப்பில் உட்கார வைப்பேன் என்றுவிட்டார் தலைமையாசிரியை. மீனாட்சியம்மாளுக்கு அந்த வார்த்தையே புதுசு. ஆட்டோக்காரரிடம், “கவுன்சிலிங் எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறாள். ஊரில் அந்த எழுத்து இருந்தது ஒரே ஒரு போர்டில்தான். அவர் நேரே கொண்டுவந்து எய்ட்ஸ் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார்.

“யம்மா, இது லாரிக்காரங்களுக்கு உள்ள எடம். இந்தப் புள்ளைக்கு மனநல டாக்டரைப் பாக்கணும். திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் சங்கரம்மாள்.

மீனாட்சியம்மாள் பதறிப்போனாள். “பைத்தியக்கார டாக்டருகிட்டயா? இவ அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் இவளையும் சேத்து வெட்டிப் போடுவாவ. நீங்களே ஏதாவது சொல்லி அனுப்புங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சங்கரம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டுக்கு மேலே வியர்வை முத்து முத்தாக நின்றது. துடைக்கக் கூடத் தோன்றவில்லை அதற்கு. தனக்கு இந்த வைத்தியம் தெரியாது என்று சங்கரம்மாளுக்கு நன்றாகத் தெரியும். திருப்பி அனுப்பினால் இந்தப் பிள்ளை வேறு எங்கேயும் போகப் போவதில்லை என்பதும் தெரிந்தது. “வியாழக்கிழமை வியாழக்கிழமை ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியவும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஹாரூன் என்று ஒரு மனநல டாக்டர். படிக்கிற காலத்தில் அவளுக்கு வகுப்பெடுத்தவர். அவர் பாராட்டவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. “பிள்ளையை நான் ஒரு தடவையாவது நேரில் பார்க்கணும். அப்புறம் வாரா வாரம் நீங்க பேசுங்க, மாசா மாசம் எங்கிட்ட வந்து சொல்லுங்க. சாகணும்னு ஒரு சொல் வந்தாலும் அந்த நிமிசமே எனக்கு போன் போடணும்” என்றார். பிறகு வரிசையாகச் சொன்னார். இனிமேல் செய்ய மாட்டேன்னு சத்தியம் வாங்காதீங்க. சத்தியம் உடைஞ்சா ஒளிக்க ஆரம்பிக்கும். தழும்பைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. ஏன் செஞ்சேன்னு கேக்காதீங்க, அதுக்கு முந்தின நிமிசம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கடைசியில் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கோபத்தை அடக்கிக்கோங்க சங்கரம்மா” என்றார். நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லி, மீனாட்சியம்மாள் மகளை ஒருநாள் அவரிடம் கொண்டு காட்டி, பள்ளிக்கூடத்துக்குச் சீட்டும் வாங்கி வந்தாள்.

மூன்று வியாழக்கிழமை முத்துச்செல்வி வாயே திறக்கவில்லை. சங்கரம்மாளும் தோண்டவில்லை. நாலாவது வாரம், கையில் புதுசாக ஒரு கட்டு இருந்தது.

“இதுக்கு முந்தின நிமிசம் என்ன நடந்துச்சுட்டி?”

“ஒண்ணும் நடக்கல மேடம். பையைத் தேடுனாக.”

தினமும் சாயங்காலம் அப்பா அவளுடைய பள்ளிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுவார். புத்தகத்தை ஒவ்வொரு தாளாக உதறிப் பார்ப்பார். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி ஒன்றரை வருசம் ஆகிறது. குளிக்கும்போது அம்மா வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காரணம், அக்கா.

அக்கா சுதாராணி டைப்ரைட்டிங் படிக்கப் போன இடத்தில் சோலைச்சாமி என்ற லேத் பட்டறைப் பையனோடு பழகி, திருப்பூருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதிப் பையன். சௌந்தரபாண்டியன் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். சங்கத்தில் நாலு பேர் மதிக்கிற ஆள். மூன்றாம் நாள் சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்து மகளுக்குத் தலை முழுகினார். செத்த வீட்டில் செய்கிற மாதிரியே. இருபது நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த காலம் அது. குடம் தூக்கிக்கொண்டு பெண்கள் மைல் கணக்கில் அலைந்தார்கள். அந்த ஊரில், உயிரோடு இருக்கிறவளுக்குத் தலை முழுக ஒரு லாரித் தண்ணீர் வாங்கி இறக்கினார் மனுசர்! அதோடு விட்டாரா? சுதாராணி படத்தைப் போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். முத்துச்செல்வியின் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒன்று ஒட்டினார்கள். மழையே பெய்யாத ஊராச்சே, அது எட்டு மாசம் கிழியாமல் இருந்தது.

“என்னையும் வரிசையில உக்கார வச்சு, தலையில தண்ணி ஊத்துனாக மேடம். அப்ப எனக்குப் பதிமூணு வயசு. அழுகை வந்துச்சு. அழுதா அடிப்பேன்னு அப்பா சொல்லிட்டாக. ஓடிப்போனவளுக்கு யாரும் அழக் கூடாதாம்.”

சங்கரம்மாளுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் திகுதிகுவென்று ஏறியது. மேஜைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டாள். “ஒனக்குக் கோவம் வரலையா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“யாரு மேல?”

“அப்பா மேல.”

“அப்பா மேல எப்படி மேடம் கோவப்பட?” அந்தப் பெண் நிஜமாகவே புரியாமல் கேட்டது.

“அக்கா மேல?”

வெளியே ஒரு லாரி டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். “ரெண்டு பேரும் ஒரே பாயிலதான் படுப்போம். எங்கிட்டக் கூட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டா” என்றாள் முத்துச்செல்வி. அப்புறம் அழுதாள். இரண்டு வருசத்து அழுகை. மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். சங்கரம்மாள் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. எரிச்சலும் நெஞ்சடைப்பும் வரும்போது உடனே கையைத் தேடாமல் கால் மணி நேரம் தள்ளிப்போடுவது, அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் போய் உட்காருவது, என்ன நினைப்பு வந்தது என்று மனசில் குறித்துக்கொள்வது. இதெல்லாம் டாக்டர் சொல்லிக் கொடுத்து சங்கரம்மாள் வழியாக வந்தது. நோட்டில் எழுதி வை என்றால் பையைக் கொட்டுகிற வீடு. அதனால் முத்துச்செல்வியே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தடவை தாண்டி வந்ததற்கும் ஜியோமெட்ரி பெட்டியில் ஒரு புளியமுத்து போட்டாள். சௌந்தரபாண்டியன் அதையும் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதென்ன குப்ப?” என்று திருப்பிப் போட்டார். ஒரு வாரம் பதினோரு முத்து சேர்ந்தது. வழுக்கி விழுந்த வாரங்களும் உண்டு. அப்போதும் ஒளிக்காமல் வந்து சொன்னாள். புரட்டாசியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ரகசியம் சொன்னாள். சுதாராணி திருப்பூரிலிருந்து மாசம் ஒரு கடிதம் போடுகிறாள். முத்துச்செல்வியோடு படிக்கிற ஷிரின் வீட்டு விலாசத்துக்கு அது வருகிறது. ஷிரினின் அப்பா குத்புதீன் செருப்புக் கடை வைத்திருக்கிறவர். அவர் வீட்டில் யாரும் கடிதத்தைப் பிரிப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஓடிப்போய் வாசித்துவிட்டு, திரும்ப ஷிரினிடமே கொடுத்துவிடுவாள். சுதாராணிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அது அம்மாவுக்குக் கூடத் தெரியாது.

“யாருகிட்டயும் சொல்லிராதீங்க மேடம்.”

“ஒன் உசுருக்கு ஆபத்துன்னாலொழிய, இங்கன பேசுனது எதுவும் இந்த ரூமத் தாண்டாதுட்டி” என்றாள் சங்கரம்மாள். மனசாரத்தான் சொன்னாள்.

கார்த்திகை மாசம், யாரோ ஒரு புண்ணியவான் பார்த்துவிட்டான். பார்த்தவன் சும்மா போவானா? சௌந்தரபாண்டியனின் ஆபீஸ் வாசலிலேயே போய் நின்று, நாலு பேர் கேட்க, “அண்ணாச்சி, ஒங்க சின்ன மக எய்ட்ஸ் ஆபீஸ்ல இருந்து வாராளே, என்ன விசயம்?” என்று கேட்டிருக்கிறான். அவர் கணக்காக முடிச்சுப் போட்டுவிட்டார். கையில் கோடு, அப்புறம் எய்ட்ஸ் ஆபீஸ். அப்படியானால் பையன் இருக்கிறான், பையனோடு வியாதியும் இருக்கிறது! பெற்ற மகளை, பதினைந்து வயசுப் பிள்ளையை, ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார். ஒன்றுமில்லை என்று வந்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். மீனாட்சியம்மாளின் தம்பி இசக்கியப்பனுக்கு முப்பத்தொரு வயது. அவனுக்கே கட்டி வைத்துவிடுவது என்றும், வருகிற வெள்ளிக்கிழமை பூ வைப்பது என்றும் முடிவு செய்தார்.

மீனாட்சியம்மாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினாள். “திரும்பவும் கையில கோடு போட்டுட்டாம்மா. ரெண்டு நாளாச் சோறு எறங்கல அவளுக்கு. எனக்குப் பயமா இருக்கு.”

சங்கரம்மாள் ஒரு போலீஸ்காரரைப் போய்ப் பார்த்தாள். பதினைந்து வயசுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொன்னதை அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். கையில் கோடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தற்கொலை முயற்சியா? அப்ப மொதல்ல அந்தப் புள்ள மேலதான கேஸ் போடணும்” என்றார். சாகப் பார்க்கிறது வேறு, தாங்க முடியாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது வேறு என்று அவரிடம் அரை மணி நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். ஹாரூன் டாக்டருக்கு போன் போட்டாள். “அம்மாவை ராத்திரி பகலாப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்க. நாளைக்கு சாயங்காலம் நானே வர்றேன், ரெண்டு பேருமாப் போய்ப் பேசுவோம். தனியாப் போகாதீங்க” என்றார் அவர்.

நாளைக்கு சாயங்காலம் என்றால் வியாழன் சாயங்காலம். வெள்ளி காலையில் பூ. சங்கரம்மாளால் பொறுக்க முடியவில்லை. சௌந்தரபாண்டியன் வீட்டுக்குத் தனியாகவே கிளம்பிப் போய்விட்டாள்.

வீட்டின் முன்பக்கம்தான் தீப்பெட்டி ஆபீஸ். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து நெடி. சௌந்தரபாண்டியன் அவளை உட்காரச் சொல்லவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க மகளுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஒரு பையனும் இல்ல. மனசுல ஒரு பாரம் இருக்கு, அத எறக்குதோம். இப்பதான் தேறி வாரா. இந்த நேரத்துல கல்யாணப் பேச்சு வேண்டாம்.” சாந்தமாகத்தான் ஆரம்பித்தாள். அதைச் சொல்ல வேண்டும்.

“ஏம்மா, லாரிக்காரன் வந்து போற எடத்துல எம் மகள ஒக்கார வச்சுட்டு, எனக்குப் புத்தி சொல்லுதியா?”

“படிக்க வேண்டிய புள்ள அண்ணாச்சி. பத்தாம் வகுப்பு...”

“எனக்கு இருக்கது ஒரே மக. அவள எப்படிக் கரையேத்தணும்னு எனக்குத் தெரியும்.”

“ஒங்களுக்கு ரெண்டு மக.”

“மூத்தவ செத்துட்டா” என்றார் அவர், கொஞ்சமும் குரல் நடுங்காமல்.

அந்த இடத்தில் சங்கரம்மாளுக்குக் கண் மண் தெரியவில்லை. “செத்துட்டாளா? செத்தவதான் மாசாமாசம் திருப்பூர்ல இருந்து லெட்டர் போடுதாளா? செத்தவளுக்குத்தான் ஆம்பளப் புள்ள பெறந்து ஏழு மாசம் ஆகுதா? உசுரோட இருக்கவளுக்கு ஒரு லாரித் தண்ணி எறக்கித் தல முழுகுனீரே, நீரு மனுசனாய்யா?” என்று கத்தினாள். குச்சி அடுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் கதவோரம் நின்ற முத்துச்செல்வியைப் பார்த்தாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் மீனாட்சியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சௌந்தரபாண்டியனுக்கு அதற்கு மேல் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. மகளுக்கு இருந்த சிநேகிதி ஒருத்திதானே! குத்புதீன் வீட்டு வாசலில் நின்று போட்ட கூச்சலில் ஷிரின் பயந்துபோய்ப் பதினாலு கடிதத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஆபீஸுக்குள் கொளுத்தவில்லை. மருந்து இருக்கிற இடத்தில் தீ ஆகாது என்று தெருவுக்கு வந்து, முத்துச்செல்வியை வாசலில் நிற்கவைத்து, அவள் கண் முன்னால் கொளுத்தினார். அவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது மனுசருக்கு. இனி அந்தப் பெண் எங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று குத்புதீனும் சொல்லியனுப்பிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் சாயங்காலம் வந்த ஹாரூன் டாக்டரிடம் சங்கரம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். ‘நீங்க என்ன செய்வீங்க, ஆத்திரத்துல வந்துருச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. “தப்புதான்” என்றார். “அந்தப் பிள்ளைக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.” பிறகு தனியாக அந்த வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். மீனாட்சியம்மாள் மட்டும் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்து, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாளாம்.

சங்கரம்மாள் தன்னைத் தானே திட்டிய திட்டு, அந்தக் கண்டக்டர் கூட வாங்கியிருக்க மாட்டான். ஒரு தகப்பன் மேல் கோபப்பட்டு, அவன் மகளின் கையிலிருந்ததைப் பிடுங்கி அவனிடமே கொடுத்தாயே, நீயெல்லாம் ஒரு கவுன்சிலரா? வெள்ளிக்கிழமை போயிற்று. பூ வைத்தார்களா இல்லையா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் ஒரு நிமிசம் நின்று, உள்ளே கூட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். பதினைந்து வயசுப் பெண் என்று யாராவது சொன்னால், பேரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். லாரிக்காரர்களிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பள்ளிப் பெண்களைச் சேர்த்தது ஏன் என்று டிரஸ்ட் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதம் பிரிக்காமல் கிடந்தது. இரண்டு வியாழக்கிழமை, இரண்டு மணிக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை ஆட்டோ வந்து நின்றது. மீனாட்சியம்மாள் இறங்கினாள். முந்தானையால் மகளை மூடவில்லை. பட்டப்பகலில், பஞ்சர் கடைக்காரர் பார்க்க, லேத் பட்டறையில் நின்றவர்கள் பார்க்க, நேரே நடந்து வந்தாள். பின்னால் முத்துச்செல்வி.

“பூ வைக்கல” என்றாள் மீனாட்சியம்மாள், கேட்பதற்கு முன்னாலேயே. “எம் பேரனுக்கு ஏழு மாசம்னு நீங்க சொன்னீங்கல்லா. எனக்கு அன்னைக்குதாம்மா தெரியும். எம் மக புள்ள பெத்துருக்கா, நான் பச்ச ஒடம்புக்காரிக்கு ஒரு சொம்பு வெந்நி வச்சுக் குடுக்கல. அவ தலையில நானும் சேந்து தண்ணி ஊத்தித் தொலச்சிருக்கேன். தம்பியக் கூப்புட்டுச் சொல்லிட்டேன், நீ இவளத் தொட்டேன்னா நான் கெணத்துல விழ மாட்டேன், ஒன்னத்தான் தள்ளுவேன்னு. அவன் பயந்து ஓடிட்டான். இவ அப்பா எங்கூடப் பேசுததில்ல. பேசாட்டாப் போறாவ. டாக்டருகிட்டப் போன்ல கேட்டுக்கிட்டுதான் இவளப் பாத்துக்கிட்டேன். திங்கக்கெழமையில இருந்து ஸ்கூலுக்குப் போறா.”

சங்கரம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்கம்மா” என்றாள்.

“எனக்கு ஒக்கார நேரம் இல்ல. இவதான் ஒங்கள நாலு வார்த்த வையணும்னு சொன்னா. அதான் கூட்டியாந்தேன். நான் வெளிய நிக்கேன்.” சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

முத்துச்செல்வி உட்காரவில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு. சங்கரம்மாள் அவள் கைகளைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தாள்.

“ஒங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்?” முதலில் குரல் சன்னமாக வந்தது. “இந்த ரூமத் தாண்டாதுன்னு சொன்னீங்கல்லா? எங்கப்பா பையத்தான் கொட்டுவாக. நீங்க என்னையவே கொட்டிட்டீங்க. ஊரு முன்னாடி, ஆபீஸ்ல எல்லாரு முன்னாடியும் கொட்டிட்டீங்க. ஷிரினு எங்கூடப் பேச மாட்டேங்கா. எங்கக்கா எழுத்து ஒரு தாள்ல கூட இல்ல இப்ப.” குரல் ஏறிக்கொண்டே போனது. “நீங்களும் எங்கப்பா மாதிரிதான்! ஒங்களுக்குக் கோவம் வந்தா யாரு என்ன ஆனாலும் ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல! ஒங்கள நம்புனேன்ல, என்னையச் சொல்லணும்!”

தகரக் கூரை அதிர்ந்தது. இந்த இரண்டு வருசத்தில் அந்தப் பெண் இன்னொரு ஆள் மேல் கோபப்பட்டது இதுதான் முதல் தடவை. வெளியே காத்திருந்த இரண்டு லாரி ஓட்டுநர்கள் என்னவோ ஏதோவென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சங்கரம்மாள் அவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒரு சொல்லுக்குக் கூட அவள் சமாதானம் சொல்லவில்லை.

“தப்பு எம் மேலதான். ஒங்கிட்டக் குடுத்த வாக்க நான் காப்பாத்தல” என்றாள். “இன்னும் வையி.”

வைதாள். அரை மணி நேரம் வைதாள். தொண்டை கட்டிப்போய், அழுது, மூக்கைச் சிந்தி, திரும்பவும் ஆரம்பித்தாள். அப்பாவை வைதாள். தலைமையாசிரியையை வைதாள். சொல்லாமல் போன அக்காவை வைதாள். சுற்றிச் சுற்றி மறுபடியும் சங்கரம்மாளிடம் வந்தாள். ஊரிலேயே பெரிய கோபக்காரி என்று பேர் எடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் கேட்டாள்.

மூன்று மணிக்கு மீனாட்சியம்மாள் கதவைத் தட்டினாள். முத்துச்செல்வி தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். போனவள் திரும்பினாள்.

“இன்னும் முடியல மேடம்” என்றாள், கடுகடுவென்று. “அடுத்த வியாழக்கிழமையும் வந்து வைவேன்.”

“வா” என்றாள் சங்கரம்மாள். “ரெண்டு மணிக்கு வந்துரு.”